கெலுவாருக்கும் கெலுவார்காவுக்கும் நடுவே

1

போன சனிக்கிழமை காலையில் நான் என் குடும்பத்தை விட்டு விலகிவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. கணவரும் இரண்டு பிள்ளைகளும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார்கள். கைபேசியில் ஒரு பொத்தானை அமுக்கினேன், விலகியாயிற்று. ‘நீங்கள் உங்கள் குடும்பக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டீர்கள், நன்றி’ என்று மலாயில் ஒரு வாசகம் வந்தது. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்த நன்றியைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நடந்தது ஒரு தண்ணீர்ப் பூங்காவில். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். சறுக்கு, சுழல், அலைக்குளம் என்று எல்லாம் இருக்கிற இடம், எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் பிள்ளைகள் ‘வந்துடுச்சா’ என்று கேட்டுச் சலித்துத் தூங்கிப்போகிற தூரம். அங்கே இப்போது எதற்கும் சும்மா போய் வரிசையில் நிற்க முடியாது. கைபேசிச் செயலியில் முன்பதிவு செய்து, அது கொடுக்கிற நேரத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கிற கஷ்டத்தை ஒழிப்பதற்காக வந்த ஏற்பாடாம். ஒழிந்தது வரிசைதான், கஷ்டமல்ல.

ஊரிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் “உனக்கென்னடி, மலேசியாவில் இருக்கிறாய்” என்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செல்வி. துறையூர்ப் பக்கத்தில் பிறந்து, கெடா மாநிலத்தில் பாடாங் செராய் என்கிற சின்ன டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் சுகுமாரன் புக்கிட் செலம்பாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். விடிவதற்குள் கிளம்பி திகாம் பத்து என்கிற ஊர் வரைக்கும் போய், வேலையாட்களை ஏற்றிக்கொண்டு குலிமுக்குப் போவார். ஆள் வரத் தாமதமானால் ஹாரன்கூட அடிக்க மாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார். பெரியவள் தர்ஷினி, பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். சின்னவன் லோகேஷ், ஆறாவது படிக்கிறான்.

தர்ஷினிக்கு ஜோகூரில் கல்லூரி கிடைத்திருக்கிறது. ஜோகூர் என்பது இந்த நாட்டின் மறு கோடி. நாங்கள் வடக்கே, அது தெற்கே கடைசி. இன்னும் இரண்டு வாரத்தில் கிளம்புகிறாள். அதற்குள் அவள் அப்பாவுக்கு விடுமுறை கிடைத்த ஒரே சனிக்கிழமை இதுதான்.

நெடுஞ்சாலையில் அந்தப் பூங்காவின் விளம்பரப் பலகை ஒன்று இருக்கிறது. பெரிய வட்ட மிதவை ஒன்றில் அம்மா, அப்பா, மகள், மகன் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்து வாயைப் பிளந்து கத்திக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதில் உட்கார வேண்டும் என்று இருக்கும். தண்ணீருக்காக இல்லை. எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! ஒருத்தி கைபேசியைப் பார்ப்பாள், ஒருத்தன் கணினியைப் பார்ப்பான், ஒருத்தர் தூங்குவார், நான் தையல் ஊசியைப் பார்ப்பேன். அந்த மிதவையில் கைபேசிக்கு அனுமதி இல்லை. தர்ஷினி போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நாலு பேரும் அதில். நான் கேட்டது அவ்வளவுதான்.

2

முன்பதிவு என்றதும் தர்ஷினி “நான் பண்றேன்லா, நீங்க தொடாதீங்க” என்று கைபேசியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது. பெயர் ஒரு கட்டத்தில், குடும்பப் பெயர் இன்னொரு கட்டத்தில் போட வேண்டுமாம்.

குடும்பப் பெயருக்கு எங்கே போவது? நம் ஊரில் நமக்கு இனிஷியல். இங்கே உள்ளவர்களுக்கு அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ‘ஏ/எல்’ என்றோ ‘ஏ/பி’ என்றோ இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதை மலாயில் சுருக்கி, நடுவில் ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். என் கணவர் சுகுமாரன் ஏ/எல் பெருமாள். இந்த நாட்டில் பிறந்த எந்தத் தமிழனும் இந்தச் சாய்கோடு இல்லாமல் பள்ளிக்கூடம் சேர்ந்ததில்லை, கல்யாணம் பண்ணியதில்லை. ஆனால் செயலிக்குச் சாய்கோடு பிடிக்கவில்லை. ‘அனுமதிக்கப்படாத குறியீடு’ என்று சிவப்பில் காட்டியது.

“கோட்ட எடுத்துடு” என்றார் அவர்.

கோட்டை எடுத்தாள். இடைவெளியும் கூடாது என்றது. அதையும் எடுத்தாள். ஏயும் எல்லும் பெயரோடு ஒட்டிக்கொண்டு, இப்போது என் மாமனார் ‘அல்பெருமாள்’ ஆகிவிட்டார். வாழ்நாள் முழுக்க ரப்பர் மரம் சீவிய மனிதர், கெடாவைத் தாண்டாதவர், போய்ச் சேர்ந்து இத்தனை காலம் கழித்து அரபு நாட்டு வியாபாரி மாதிரி நிற்கிறார். லோகேஷ் தரையில் விழுந்து சிரித்தான். அவன் பெயர் ‘அல்சுகுமாரன்’. தர்ஷினி ‘அப்சுகுமாரன்’.

என் கதை இன்னும் மோசம். என் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. காலியாக விட்டால் செயலி நகராது. கடைசியில் ‘செல்வி செல்வி’ என்று அடித்தாள். ஏலம் போடுகிற மாதிரி.

ஆக, ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றில் சாப்பிடும் நாலு பேருக்கு நாலு குடும்பப் பெயர். செயலி எங்களைப் பார்த்துவிட்டு நாலு குடும்பம் என்று முடிவு செய்தது.

அதோடு விடவில்லை. மைகாட் என்கிற குடியுரிமை அட்டை உள்ளவர்களுக்கு ஒரு டிக்கெட், இல்லாதவர்களுக்கு வேறு டிக்கெட். விலை வேறு என்பதில் எனக்கு வருத்தமில்லை, எந்த நாட்டிலும் உள்ளதுதான். ஆனால் இரண்டையும் ஒரே பதிவில் வாங்க முடியாதாம். அவர்கள் மூன்று பேரும் தர்ஷினியின் கைபேசியில் ஒரு பதிவு. நான் தனியாக, என் கைபேசியில், இன்னொரு பதிவு. பிறகு இரண்டையும் ‘குடும்பக் குழு’ என்ற இடத்தில் இணைக்க வேண்டும். தர்ஷினி ரொம்ப நேரம் மல்லுக்கட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அவள் சின்ன வயதில் ஷூ லேஸ் கட்டிய முகம் அது. ஒருவழியாக இணைத்தாள். நாலு பேருக்கும் வட்ட மிதவையில் காலைச் சுற்று கிடைத்தது.

“மா, இனிமே இத தொடாதீங்க. அங்க போனதும் கன்ஃபர்ம் கேக்கும். நான் சொல்றப்ப ஒரு பட்டன் அமுக்குனா போதும்.”

ஒரு பொத்தான்தானே என்று நினைத்தேன்.

3

எங்கள் ஊரிலும் முன்பதிவு உண்டு. துறையூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் உள்ளே திரும்பும்போதே, அது நிற்பதற்கு முன்னால், ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது. கைக்குட்டை, மஞ்சப்பை, தினசரித் தாள், எது விழுந்தாலும் செல்லும். எங்கள் அம்மா துண்டை நம்ப மாட்டாள். என்னையே தூக்கி ஜன்னலுக்குள் விட்டுவிடுவாள். நான் உள்ளே போய் மூன்று பேர் சீட்டில் குறுக்கே படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் “ஆள் வருது, ஆள் வருது” என்று கத்துவேன். என் முதல் உத்தியோகம் அதுதான் என்று சொல்லலாம்.

அதில் நியாயம் எல்லாம் கிடையாது, அதை நான் புகழ வரவில்லை. துண்டு போட்டதில் மண்டை உடைந்த சம்பவம் உண்டு. ஒரு தடவை என் பாவாடை ஜன்னல் கம்பியில் மாட்டிக் கிழிந்து, திருச்சி வரைக்கும் அழுதுகொண்டே போனேன். ஆனால் சண்டை போட ஓர் ஆள் இருந்தான். “யோவ், இது என் துண்டு” என்று சொல்ல எதிரில் ஒரு முகம் இருந்தது. திட்டலாம், கெஞ்சலாம், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லலாம். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஒண்டிக்கொண்டு வந்துவிடலாம்.

செயலியிடம் ஒண்டிக்கொள்ள முடியாது.

இதை ஒருமுறை பிள்ளைகளிடம் சொன்னேன். லோகேஷ் “அப்ப சீட்டு நம்பர் எங்க எழுதியிருக்கும்?” என்று கேட்டான். தர்ஷினி காதில் ஏதோ மாட்டியிருந்தாள்.

4

இங்கே வந்த புதிதில் வார்த்தைகள் என்னைப் படுத்திய பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து “பசியாறியாச்சா?” என்று கேட்டார். நான் ஏதோ பஞ்சத்தில் அடிபட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டாரே என்று உள்ளே போய் அழுதேன். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு சாப்பிடுவது, அவ்வளவுதான். நல்ல சொல். எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் ஒரு சொல் மட்டும் இன்றுவரை எனக்குள் இறங்கவில்லை. ஊர்க்காரி.

நம் பக்கத்தில் ‘நீ எங்க ஊர்க்காரியா?’ என்று ஒருவர் கேட்டால் அதில் ஒரு சந்தோஷம் இருக்கும். நம்ம ஆள் என்று அர்த்தம். முன்பின் தெரியாத இடத்தில் ஊர்க்காரி ஒருத்தியைப் பார்த்துவிட்டால் கையைப் பிடித்துக்கொள்வோம். இங்கே அப்படியே தலைகீழ். இங்கே ஊர் என்றால் இந்தியா. ஊர்க்காரி என்றால் இந்தியாவிலிருந்து வந்தவள், நம்மில் சேராதவள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. மளிகைக் கடையில் கத்தரிக்காயைப் பொறுக்கும்போது “அந்த ஊர்க்கார அக்காவுக்குக் கொடுத்துடு” என்பார்கள். அதே சொல், ஒரே எழுத்து, ஒரே ஓசை. அங்கே உள்ளே இழுக்கும், இங்கே வெளியே நிறுத்தும்.

தர்ஷினி தமிழ்ப்பள்ளியில் மூன்றாவது படித்தபோது விளையாட்டுப் போட்டி நாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு திடலோரம் நின்று, அவள் ஓடும்போது “வுடாத கண்ணு, வுடாத!” என்று எங்கள் ஊர்ப் பாணியில் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் இரண்டாவதாக வந்தாள். கூட ஓடிய பெண் அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“ஏய், உங்கம்மா ஊர்க்காரியா?”

“இல்லயே. எங்கம்மா பாடாங் செராய்தான்.”

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்கு என்ன தெரியும்? ஆனால் எனக்கு வலித்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் நான் அதிகம் பேசுவதில்லை. பேசினால் இங்கே உள்ளவர்கள் மாதிரி வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘லா’ போட்டுப் பழகினேன். எனக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை, அளவு தெரியாமல் தைத்த ஜாக்கெட் மாதிரி.

நான் இங்கே இருப்பதற்கு விசா உண்டு. அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போகும்போது கணவரும் கூட வந்து உட்கார வேண்டும். அதிகாரி என்னைப் பார்ப்பார், பிறகு அவரைப் பார்ப்பார். என் கணவர் ‘இவள் என்னுடையவள்தான்’ என்பதுபோல் தலையாட்டுவார். பஸ் ஓட்டி அலுத்துப்போய் வந்த மனிதர் அங்கே உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார். என் எண் வரும்போது முழங்கையால் இடிப்பேன், கண்ணைத் திறக்காமலேயே தலையாட்டுவார். இப்படித்தான் நான் இந்த நாட்டில் சட்டப்படி இருக்கிறேன்.

5

சனிக்கிழமைக்கு வருவோம்.

பூங்கா வாசலில் கையில் பட்டை கட்டினார்கள். அவர்கள் மூன்று பேருக்கும் நீலம், எனக்கு மஞ்சள். லோகேஷ் என் கையைப் பார்த்து “மா மட்டும் ஸ்பெஷல்” என்றான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்றேன்.

உள்ளே ஒரே இரைச்சல். மலாய்ப் பாட்டு ஒலிபெருக்கியில் அலறுகிறது, பிள்ளைகள் அலறுகிறார்கள், தண்ணீர் அதன் பங்குக்கு அலறுகிறது. ஆனால் பெரியவர்கள் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், மழைக்கு ஒதுங்கின கோழிகள் மாதிரி. பக்கத்தில் ஒரு சீனத்து அம்மாள், நீச்சலுடையோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செயலியைத் தட்டித் தட்டி ஏதோ திட்டினார். மொழி புரியவில்லை, விஷயம் புரிந்தது.

வட்ட மிதவைக்கு ஏறும் படிக்கட்டை நெருங்கினோம். என் கைபேசி அதிர்ந்தது. திரையில் இரண்டு பொத்தான்கள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த தர்ஷினி திரும்பிக் கத்தினாள்: “மா! கெலுவார்கா அமுக்குங்க! கெலுவார்கா!”

கெலுவார்கா என்றால் மலாயில் குடும்பம். அது எனக்குத் தெரியும். ஆனால் என் கண் பார்வைக்காக என் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். பெரிதாக்கினால் நீளமான சொற்களின் வால் எப்போதும் திரைக்கு வெளியே போய்விடும். வங்கிச் செய்தியிலும் அப்படித்தான், பள்ளிக்கூடச் செய்தியிலும் அப்படித்தான். பாதியைப் பார்த்து மீதியை நானே நிரப்பிக்கொள்வது என் வழக்கம். மேலே இருந்த பொத்தானில் ‘கெலுவார்’ என்று இருந்தது. ‘கா’ வெட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். அமுக்கினேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. குடும்பம் நிச்சயமா என்று கேட்டால் என்ன சொல்வது? ஆமாம் என்றேன்.

கெலுவார் என்றால் வெளியேறு. எந்தக் கடை வாசலிலும், எந்த மருத்துவமனையிலும், வெளியே போகும் கதவின் மேல் பச்சையில் எழுதியிருக்கும் சொல். இத்தனை காலம் அந்தக் கதவுகள் வழியாகப் போய் வந்திருக்கிறேன். குடும்பம் என்ற சொல்லுக்குள்ளேயே வெளியேறு என்பதும் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

‘நன்றி’ என்றது செயலி.

தர்ஷினி ஓடிவந்து என் கையிலிருந்து கைபேசியை வாங்கிப் பார்த்தாள். “அலாமா! மா, என்ன பண்ணீங்க? இது கெலுவார்லா! நான் கெலுவார்கான்னு சொன்னேன்!”

“கா வெட்டுப்பட்டிருக்குன்னு நெனச்சேன்டி.”

“எந்தக் கா?”

திரும்பச் சேரப் பார்த்தாள். காலைச் சுற்று நிரம்பிவிட்டது என்றது. என்னை மட்டும் தனியாளாக, சாயந்திரம் கடைசிச் சுற்றில் எடுத்துக்கொள்கிறதாம். முன்பின் தெரியாத மூன்று பேரோடு.

6

உதவி மேஜைக்குப் போனேன். மலாய்க்காரப் பையன், தங்கமான பிள்ளை. என்னைக் ‘காக்’ என்று, அதாவது அக்கா என்று கூப்பிட்டான். நான் மலாயும் தமிழும் கையுமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். கணினியைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். “சிஸ்டம், காக்” என்றான்.

இங்கே எல்லாப் பழியையும் தாங்கிக்கொள்ள ஒரு குலதெய்வம் உண்டு, அதன் பெயர் சிஸ்டம். அதற்குக் கோயில் இல்லை, பூசாரி மட்டும் எல்லா மேஜையிலும் இருக்கிறான். “நாங்க ஒரே குடும்பம்பா” என்றேன். அவன் திரையை என் பக்கம் திருப்பினான். அல்பெருமாள், அப்சுகுமாரன், அல்சுகுமாரன், செல்வி செல்வி. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

திரும்பி வந்தபோது அவர்கள் மூன்று பேரின் நேரம் வந்துவிட்டது. “போங்க, போங்க, நான் இங்க நின்னு பாக்குறேன்” என்றேன். பிள்ளைகளின் செருப்பையும் பையையும் வாங்கிக்கொண்டேன். அவர் தயங்கினார். “போங்கன்னா போங்க” என்று எரிந்து விழுந்தேன். போனார்கள். நான் கம்பிக்கு வெளியே செருப்புகளோடு நின்றேன். கோபம் கோபமாக வந்தது. செயலி மேல், சாய்கோட்டின் மேல், என் கண் மேல், அந்த ‘கா’ மேல். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அந்தக் கம்பியோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். இரண்டு வாரத்தில் இவள் போய்விடுவாள், அதற்கு முன் இருந்த ஒரே நாளை என் விரலாலேயே அழித்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன்.

அப்போது படிக்கட்டில், ஏறுகிற கூட்டத்துக்கு எதிராக, எல்லோரையும் இடித்துக்கொண்டு தர்ஷினி இறங்கி வந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே படவில்லை.

“ஏண்டி வந்த?”

“சும்மாதான்.”

“உன் சுத்து போயிடுமேடி!”

“தாப்பா லா, பரவால்ல. உங்கள தனியா விட்டா யாரோ மூனு பேரோட ஏத்திவிடுவாங்க. நீங்க அவங்ககிட்ட அந்த பஸ்ஸு ஜன்னல் கதையெல்லாம் சொல்லுவீங்க. பாவம் அவங்க.”

அப்படியானால் கதை காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது.

அவள் பின்னாலேயே லோகேஷ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். “மா எல்லாத்தையும் ரோசாக் பண்ணிட்டாங்க” என்றான். கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம். உண்மைதான். அவனுக்குப் பின்னால் அவன் அப்பா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தார்.

“நீங்களாவது புள்ளையக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?” என்றேன்.

“ஒரு ஆளு ஏறலன்னா நான் வண்டிய எடுக்கறதில்ல” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செருப்புகளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்று பேரின் பதிவும் வீணாகிவிட்டது. அலைக்குளத்துக்குப் பதிவு இல்லை, நிரம்பிவிட்டது. சறுக்குக்கு இருக்கிறது, ஆனால் லோகேஷுக்கு உயரம் போதவில்லை. மீகோரேங் என்கிற நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். அதற்கும் செயலியில் எண் எடுக்க வேண்டியிருந்தது. லோகேஷ் தட்டு காலியாகும் வரை என்னோடு பேசவில்லை. நான் விடாமல் கைபேசியைத் தட்டிக்கொண்டே இருந்தேன், எங்காவது நாலு இடம் காலியாகிறதா என்று. நிரம்பிவிட்டது. நிரம்பிவிட்டது. தர்ஷினி என் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

7

மதியத்துக்கு மேல், கெடாவில் எப்போதும் போல, மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி இடித்தது. இடி விழுந்தால் தண்ணீர் விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கூரைக்கு அடியில் எல்லோரும் ஒண்டினோம். பக்கத்தில் ஒண்டியது காலையில் பார்த்த அதே சீனத்து அம்மாள். மழையைக் காட்டி, கைபேசியைக் காட்டி, கட்டை விரலைக் கீழே சாய்த்தார். இருவரும் சிரித்தோம்.

மழை விட்டதும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழையால் எல்லாப் பதிவும் குழம்பிவிட்டதாம். இனி வட்ட மிதவைக்குப் பதிவு கிடையாது, வந்தவர்கள் வரிசையில் நிற்கலாம். நான் அறிவிப்பு முடிவதற்குள் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. லோகேஷ் என்னை முந்திப் போய் இடம் பிடித்து, “மா! வாங்க! இங்க!” என்று இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நல்ல பழைய வரிசை. முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு முழங்கை. மெல்ல மெல்ல நகர்ந்து மேலே வந்தோம். ஏறுமிடத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி, பூங்காச் சீருடையில், ஒவ்வொருவர் கைப்பட்டையையும் கருவியால் தொட்டு நாலு நாலு பேராக அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் “எங்கன நிக்கணும் கண்ணு?” என்று கேட்டேன். பதற்றத்தில் ‘லா’ போட மறந்துவிட்டேன்.

அவள் என் மஞ்சள் பட்டையைப் பார்த்தாள், என் பேச்சையும் கேட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள்: “அக்கா, ஊர்க்காரங்க டிக்கெட்டு வேற ஸ்கேனு. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, தனியா ஏத்திவிடறேன்.”

என் கால் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. பழக்கம். இத்தனை காலமாக எந்த வாசலிலும் அந்தப் பக்கம் போ என்றால் அந்தப் பக்கம் போய்த்தான் வழக்கம்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மஞ்சள் பட்டையோடு சேர்த்து, அழுத்தமாக.

“ஆமா, ஊர்க்காரங்கதான்” என்றாள் தர்ஷினி. “எங்க அம்மா.”

அவள் கத்தவில்லை. சண்டைக்கும் போகவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாக, தமிழில் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு விளங்கட்டும் என்று சேர்த்தாள்: “நாலு பேர். ஒரே கெலுவார்கா.”

அந்தப் பெண் எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். கருவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “சரி, ஏறுங்க. பின்னாடி ஆள் நிக்கிது” என்றாள்.

மிதவையில் நான் என்ன பார்த்தேன் என்று விவரமாக எழுத முடியாது, கண்ணெல்லாம் தண்ணீர். எதிரில் தர்ஷினி. தலைமுடி முகத்தில் அப்பிக்கொண்டு, வாயைப் பிளந்து, கண்ணை மூடாமல் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தாள். நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். எங்கள் ஊர்ப் பாணியில், தொண்டை கிழிய, “வுடாத கண்ணு, வுடாத!” என்று. இந்த முறை சுற்றிலும் யார் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. சுகுமாரன் கத்தவே இல்லை. கைப்பிடியை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார்.

நனைந்து, நடுங்கி, சிரித்து, வெளியே போகும் வழிக்கு வந்தோம். கதவுக்கு மேல் பச்சைப் பலகை. நான் நின்று, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

“மா, இதுல ‘கா’ இல்ல” என்றாள் தர்ஷினி. “தைரியமா போங்க.”

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் அவள்தான் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.